லீட்ஸுக்கு எடுத்துப் போகும் காது

விடியற்காலை மூன்று மணிக்கு மஞ்சக்குப்பம் முனையில் பஸ்.
கட்டில் மேல் பெட்டி வாய் பிளந்து கிடக்கிறது.
சுடிதார், ஸ்வெட்டர், புளிக்காய்ச்சல் டப்பா
எல்லாம் அடங்கிவிட்டன.
ஒயர்கள்தான் அடங்க மாட்டேன் என்கின்றன.
போனுக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று,
என் இரண்டு காதுக்கும் சேர்த்து ஒன்று.

காது என்றால் காதேதான்.
புளியங்கொட்டை அளவில் இரண்டு மெஷின்.
ராத்திரி வெள்ளை டப்பாவில் படுத்து
நாலு மணி நேரம் கரண்ட் குடித்தால்
மறுநாள் முழுக்க எனக்கு உலகம் பேசும்.
குடிக்காவிட்டால் வாயசைக்கும், அவ்வளவே.

சிப்காட் பெயிண்ட் கம்பெனிக்கு
நிறம் அளக்கும் புது மெஷின் வரப்போகிறது.
அதைப் பழகி வர மூன்று வாரம் லீட்ஸ்.
"அதுக்குக் கஷ்டமா இருக்குமே, வேற யாரையாவது…"
என்றார் மேனேஜர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
உதடு தெரியாமலே கேட்டுவிட்டது.
அன்றைக்கு நல்ல சார்ஜ்.

திருப்பாதிரிப்புலியூர் தேரடிப் பக்கம்
வதூது பாயின் எலெக்ட்ரிக் கடை.
"நம்ம கால் உருண்டை, அவன் கால் சப்பை"
என்று அடாப்டரை மேஜைமேல் வைத்தார்.
குட்டி முக்காலி மாதிரி நின்றது.
"இது கால மாத்தும், கரண்ட மாத்தாதும்மா.
அங்கயும் இருநூத்திமுப்பதுதான், பயமில்ல."
நூற்றெண்பது சொல்லி நூற்றைம்பதுக்குக் கொடுத்தார்.
இரண்டு வாங்கினேன்.
ஒன்று தொலைப்பதற்கு.

பயம் எனக்கு அங்கே பிறந்ததல்ல.
தானே புயலின்போது
பட்டன் செல் போட்ட பழைய மெஷின் என்னுடையது.
பெயர்தான் தானே.
மரம் தானே விழுந்தது, கூரை தானே போனது,
கரண்ட் மட்டும் தானே வரவில்லை.
ஐந்தாம் நாள் கடைசி செல்லும் செத்தது.
மருந்துக்கடை ஷட்டர் மேல் ஒரு முழு வேப்பமரம்.
தேவனாம்பட்டினத்தில் யாரோ ஜெனரேட்டர் வைத்து
போனுக்கு இருபது ரூபாய் வாங்கினார்கள்.
அண்ணன் போனோடு வரிசையில் நின்றேன்.
எல்லோர் கழுத்திலும் நரம்பு புடைத்திருந்தது,
கத்திப் பேசினார்கள் போல.
ஜெனரேட்டர் சத்தமாம்.
எனக்கு அது செருப்புக்கடியில் மட்டும்
டுக்குடுக்கு என்று வந்துகொண்டிருந்தது.
அதற்குப் பிறகு எந்தப் பேட்டரியையும்
நாற்பதுக்குக் கீழே இறங்க விட்டதில்லை.

பவர் பேங்க் கைப்பையில்.
பெரிய பெட்டியில் போட்டால் விமானத்துக்காரர்கள் எடுத்துவிடுவார்கள்.
காது டப்பா கைப்பையில்கூட வேண்டாம்,
உள்ளே தைத்த பையில், உடம்போடு.
பாஸ்போர்ட் தொலைந்தால் போய் நிற்க ஓர் ஆபீஸ் உண்டு.
இது தொலைந்தால்
இன்னும் பதினோரு தவணை பாக்கி.

போன வருஷம் போய்வந்த பிரிசில்லா
வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாள்:
"ரூம் கதவுக்குப் பக்கத்துல ஒரு பிளவு இருக்கும்.
சாவி அட்டைய அதுல செருகினாத்தான் கரண்டே.
சாப்பிடப் போக உருவினேன்,
திரும்பி வந்து பார்த்தா போன் ரெண்டு பர்சன்ட்."
கொஞ்சம் கழித்து இன்னொரு வரி:
"என்ன அட்டைன்னு அதுக்குத் தெரியாதுடி. எதையாச்சும் செருகிட்டுப் போ."

எதையாச்சும்.
ஏ.டி.எம். கார்டு கையில் வேண்டும்.
ஆதாரைச் சுவரில் விட்டுவர மனசு வரவில்லை.
பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது
கோபுர முத்திரை போட்ட ரேஷன் கார்டு.
முன்னால் அப்பா படம், பின்னால் நாங்கள் நாலு பேர்.
இந்த மாதச் சர்க்கரை, பருப்பு வாங்கியாகிவிட்டது.
மூன்று வாரம் இதற்கு இங்கே வேலையில்லை.

லீட்ஸில் நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்க
மேலே இருட்டில், இடுப்பு வரை சுவருக்குள்,
அப்பா நிற்பார்
பேப்பரில் பார்த்த அதே முறைப்போடு,
என் காதுக்குக் காவலாக.

மணி இரண்டேகால்.
டப்பா தொண்ணூற்றாறு காட்டுகிறது.
கதவு அதிர்கிறது, அண்ணனாகத்தான் இருக்கும்.
இருடா, இன்னும் நாலு.