சலவைக் கணக்கு

குவாவுக்குத் தமிழ் தெரியாது.
எனக்குச் சீனம் தெரியாது.
பதினோரு வருட வியாபாரம்
இந்த இரண்டு தெரியாதுகளின் மேல்தான் ஓடியது.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ், மூன்றாம் மாடி,
கழிப்பறைக்குப் போகும் வழியில் அவர் கடை.
அவர் சேர்ப்பது தேர்தல் தாள்கள்.
துண்டறிக்கை, சங்கச் சந்தா அட்டை,
ஒலிபெருக்கி வைக்க வாங்கிய அனுமதிச் சீட்டு.
தோற்றவர்களுக்குத்தான் விலை அதிகம் என்பார்,
ஜெயித்தவர் காகிதத்தை
எல்லாரும் பத்திரப்படுத்திவிட்டார்களாம்.

நான் கடிதம்.
எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதி
கிழிக்க மறந்தவை.
கதை திரும்பி வந்தது, ஐந்து வெள்ளி இன்னும் வரவில்லை,
மலரில் என் பெயர் மட்டும் ஏன் சின்ன எழுத்தில்?
இலக்கியம் பெரும்பாலும் இதுதான்.

அந்தச் சனிக்கிழமை ஒரு தாளை எடுத்து வைத்தார்.
இடிக்கப்போகிற ஏதோ புளோக்கிலிருந்து
காராங்குனிக்காரர் பிஸ்கட் தகரத்தோடு கொண்டுவந்ததாம்.
முன்பக்கம் நான்கு மொழி, குடைச் சின்னம்,
சுயேச்சை வேட்பாளர் வழக்கறிஞர் குழந்தைசாமி
ஏழைத் தோழர்களை அழைக்கிறார்.
பின்பக்கம் பென்சில்.

    அன்புள்ள மீராசா,
    உன் கோபம் நியாயம்.
    பன்னிரண்டு புள்ளியில் நம் அச்சகத்தில்
    ழ மொத்தம் முப்பத்தொன்று.
    முப்பதை வக்கீல் கொண்டுபோய்விட்டார்,
    அவர் பெயரே ஒன்பது இடத்தில்.
    மிஞ்சிய ஒன்றுக்குக் கொக்கி உடைசல்.
    உன் கவிதை அன்றிரவே ஏற வேண்டும்,
    முதலாளி தலைமாட்டில் நிற்கிறார்,
    ல நிறைய இருந்தது.
    அப்படித்தான் கிட்டங்கி வாசலில்
    மலை பெய்தது.
    அடுத்த இதழில் திருத்தம் போடலாம்.
    தேர்தல் முடிந்தால் பாரத்தைப் பிரித்துவிடுவோம்,
    அப்புறம் எல்லா ழவும் உனக்குத்தான்.
    ஆனால் ஒன்று, கோபிக்காதே,
    மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன்.
    மலையே பெய்யட்டும்.
    சிங்காரம்

பின்னால் என்ன, என்றார் குவா.
காதுமடல் சுட்டது எனக்கு.
சொன்னால் விலை ஏறும்.
லாண்டரி கணக்கு, என்றேன்,
இத்தனை சட்டை, இத்தனை வேட்டி.
நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கினார்.
கிறுக்கல் இருந்தால் தாளுக்கு மதிப்புக் குறைவாம்.

ஈசூன் வீட்டில், பல் கிளினிக்கிலிருந்து எடுத்துவந்த
கையுறையோடு உட்கார்ந்து எண்ணினேன்.
இருபத்தெட்டு.
மறுபடி எண்ணினால் இருபத்தொன்பது.
முப்பதாவது ழ மடிப்புக்குள் இருந்தது,
பூச்சி தின்ற ஓட்டைக்குப் பக்கத்தில்.
வக்கீலுக்கு முந்நூற்றுச் சொச்சம் வாக்கு, வைப்புத்தொகை போச்சு.
ழவுக்குப் பத்துப் பேர்.

மீராசா பதில் எழுதினாரா தெரியாது.
அந்த இதழும் எங்கும் கிடைக்கவில்லை.
குற்றம் எங்கேயோ கிடக்கிறது,
சமாதானம் மட்டும் என் உலர்பெட்டியில்,
நாற்பத்தைந்து சதவீத ஈரத்தில்.

கீழ் மூலையில், வேறொரு கையில், நான்கு வரி சீனம்.
முதல் நாளே பார்த்தேன்.
பார்க்காத மாதிரி மூன்று வாரம் இருந்தேன்.
அச்சகத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரா,
சிங்காரத்தின் சிநேகிதரா,
இல்லை, மலை பெய்ததைக் கேட்டுச்
சிரித்த ஒருத்தியா?
வரிகள் ஒரே நீளத்தில் இருந்தன.
கணக்கு அப்படி இருக்காது.

வேறு யாரிடமாவது காட்டியிருக்கலாம்.
குவாவிடம்தான் கொண்டுபோனேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
விளக்கடியில் பிடித்து வாசித்தார்.
உதடு அசைந்தது.
வாசித்த இடத்துக்கே ஒருமுறை திரும்பிப் போனார்.
வெளியே யாரோ விலை கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

என்ன எழுதியிருக்கிறது, என்றேன்.

தாளை உறைக்குள் மெதுவாகச் செருகினார்.
லாண்டரி, என்றார்.
இத்தனை சட்டை.
என் முகத்தைப் பார்த்தார், வெகுநேரம், அன்பாகத்தான்.

விற்பதானால் சொல்.
இருநூறு தருகிறேன்.