மஞ்சள் கோடு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், பதினோராம் கிராஸ்.
தகரக் கூரைக்குக் கீழே
எட்டடிக்குப் பன்னிரண்டடி,
மஞ்சள் பெயின்ட்டில் ஒரு செவ்வகம்.
இரண்டாவது மெஷின் வரப்போகும் இடம்.

மூன்று ஃபேஸ் வயரை அதுவரை இழுத்து
நுனியில் கறுப்பு டேப் சுற்றியாகிவிட்டது.
நான்கு போல்ட் குழிகளிலும்
திரிநாத் துணி அடைத்து வைத்திருக்கிறான்.
தினமும் கூட்டுகிறான்,
விருந்தாளி வரும் அறையைப் போல.

ஈடு என்ன, என்றது வங்கி.
ஹெக்கனஹள்ளி வீட்டுப் பத்திரத்தை வைத்தேன்.
பி காத்தா, மேடம்,
என்று ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார் அதிகாரி.
ஆர்டரை வைத்தேன்:
மாதம் ஆறாயிரம் வால்வு, மூன்று வருடத்துக்கு.
முதலில் டர்ன்ஓவர் காட்டுங்கள், மெஷினுக்குத் தருகிறோம்.
மெஷின் வந்தால்தானே சார் டர்ன்ஓவர்?
சிரித்தார். நல்ல மனிதர்.
டீ வரவழைத்தார்.

இதற்கிடையில்
தொண்ணூறு நாளில் தருவதாய்ச் சொன்ன பெரிய கம்பெனி
நூற்று நாற்பதாம் நாளும் ‘ப்ராசஸில் இருக்கிறது’ என்கிறது.
அதாவது, அவர்களுக்கு நாங்கள்
கடன் கொடுத்திருக்கிறோம்.
வட்டி இல்லை. ஈடும் கேட்கவில்லை.

வெளியே மூன்று வட்டிக்குக் கிடைக்கும்.
முப்பத்தெட்டு லட்சம்.
ஜெசிந்தா டெலிவரி சலானின் பின்புறம் போட்டுப் பார்த்தாள்:
ஒரு வால்வுக்கு நமக்கு நிற்பது பதினெட்டு ரூபாய்,
வட்டிக்குப் போவது பத்தொன்பது.
திரும்பவும் போட்டாள்.
பத்தொன்பதுதான்.

ஆர்டர் ஓசூருக்குப் போயிற்று.
அங்கே ஒருவருக்கு
மாமனாரின் நிலம் இருந்தது.

இருக்கிற மெஷின் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது.
ஸ்பிண்டிலில் லேசாய் ஒரு முனகல்.
இந்த வருஷம் ஈடு கொடுக்கும் என்கிறார் பொன்னுரங்கம்.
அந்தச் சொல்லுக்கு
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

பெட்டிகளை இங்கே இறக்கட்டுமா என்று
டெம்போக்காரர் செவ்வகத்தைக் காட்டினால்
ஐந்து பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்கிறோம்.

ஆயுத பூஜைக்கு
லேத்துக்கு, ட்ரில்லுக்கு, தராசுக்கு
பொட்டு வைத்துக்கொண்டே வந்த திரிநாத்
காலி இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்றான்.
பிறகு நடுவில்
ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை
கோட்டை மிதிக்காமல் எட்டி அதை எடுத்தேன்.
ஃபேன் காற்றில் படபடக்கிற
வராத பில்களின் மேல்
வைத்திருக்கிறேன்.