கண்ணளவு

தங்கூசி வலை. அதுதான் வழக்கு.
கண் சின்னன் என்று
அடிமட்டம் வைத்து அளந்து எழுதினார்கள்.
இப்போது அது கோட்டுக் களஞ்சியத்தில்
கழுத்தில் ஒரு இலக்கம் கட்டி,
நாலைந்து செதில் இன்னும் ஒட்டியபடி
கிடக்குமென்று நினைக்கிறேன்.

தண்டம் கட்டக் காசில்லை.
கட்டாத காசை நாளாக மாற்றினார்கள்,
கடையில் தாள் மாற்றுவது மாதிரி:
ஒரு புரட்டாதி, ஒரு ஐப்பசி,
சில்லறையாகக் கார்த்திகையில் பாதி.

மட்டக்களப்புச் சிறைச்சாலை வாசல்.
எட்டு மணிக்கே வரிசை.
பெயர் சாந்தரூபி. உறவு மனைவி. ஊர் பாலமீன்மடு.
புட்டைக் கம்பியால் குத்தினார்கள்.
சவர்க்காரத்தை நடுவால் வெட்டினார்கள்.
திரளியின் வயிற்றை வீட்டிலேயே பிளந்திருந்தேன்,
அவர்களும் ஒருமுறை பிளந்தார்கள்.

எனக்கு முன்னால் காத்தான்குடிப் பஸ்மியா.
தம்பிக்குப் பிணை கிடைத்து மூன்று கிழமை.
ஆள்பிணைக்கு இரண்டு பேர் வேணும்;
ஒருத்தர் வந்தார்,
மற்றவர் கட்டாருக்குப் போய்விட்டார்.

பத்து நிமிடம்.
இரண்டு கம்பிவலை, நடுவில் ஒரு முழம் காற்று.
வலை பொத்துகிற கை சும்மா இருக்குமா,
கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரல், அதுவும் நகம் மட்டும்.
அந்த அடிமட்டக்காரர் இந்தப் பக்கம் வருவதில்லை.

எல்லாரும் கத்துகிற இடத்தில்
அவரும் கத்தினார்:
"வாய வெட்டிற்றாங்களாகா?"
காவலர் பாய்ந்து வந்தார்,
தெரிந்த தமிழ் முழுவதையும் எடுத்துக்கொண்டு:
"யார வெட்டுறது? யார?"
முகத்துவாரத்தை ஐயா.
ஆத்து வாயை.
மழைத்தண்ணி கடலுக்குப் போக
மணலை வெட்டுவார்களே...
கையால் தோண்டிக் காட்டினேன்.
முதலில் முறைத்தார். பிறகு ஒள்ளுப்பம் சிரித்தார்.
அதில் ஒரு நிமிடம் போயிற்று.

"இன்னும் வெட்டல்ல."
"அதுதான் தண்ணி மணக்குது" என்றார்.
மதிலுக்கு அங்கால் வாவிதான்,
தெரியாதாம்.
காலையில் தலை எண்ணும்போது
காற்று எந்தப் பக்கம் திரும்பிற்று என்று மட்டும்
விளங்குமாம்.

மணி அடித்தது.
லைட் பில்லைச் சொல்ல மறந்துபோனேன்.

தூக்குச்சட்டி திரும்பி வந்தது.
உள்ளே, அவர்கள் வெட்டிய சவர்க்காரத்தில்
ஒரு பாதி.

வெளியே பஸ்மியா
ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஃபோனில் நின்றாள்:
"ஓம் காக்கா, கையெழுத்து மட்டுந்தான்,
வேற ஒண்டும் இல்ல."