நாலு மணிக்குக் கோட்டை

ஐப்பசி பிறந்ததும் வாடை திரும்பிவிட்டது.
உப்புவெளியின் கடைசி வெள்ளைக்காரனும்
ஈரத் துவாயை வேலியில் மறந்துவிட்டுப் போனான்.
பத்து அறைக்கும் பூட்டு.
எங்கள் இருவருக்கும் நாலு நாள் லீவு.

ஏழு வருசமாய் வரவேற்பு மேசையில் இருந்து
மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த பயணங்கள்
ஒரு கொப்பி நிறையும்.
புறாத்தீவுக்கு ஏழு மணிக்கு முன்,
பதினொன்றுக்குப் பிறகு அலை எழும்பும்.
கன்னியாவுக்கு மாற்றுடுப்பு.
கோணேசர் கோயிலுக்கு முழங்கால் மூடவேண்டும்.
மான்களுக்குத் தயவுசெய்து பிஸ்கட் வேண்டாம்.
எத்தனை நாள் போதும் என்பார்கள்.
இரண்டு, என்பேன்,
யோசிக்காமல்.

இப்போது என் முன்னால் வெறுந்தாள்.
மேலே: கொழும்பு.
கீழே ஒரு கோடு.
முப்பத்தொரு வயதில்
கந்தளாய்க்கு அப்பால் நான் கண்ட பெரிய இடம்
அனுராதபுரம் பஸ் நிலையம்,
அதுவும் ஜன்னலால்.

குசினியைக் கழுவிவிட்டு
ஜெசிந்தாக்கா வந்து பக்கத்தில் இருந்தாள்.
இரவு ரயில்
நாலு மணிக்குக் கோட்டையில் இறக்கிவிடும்.
இருட்டு. ஆறு வரைக்கும் என்ன செய்வது?
எந்த விருந்தாளியும் என்னிடம்
இதைக் கேட்டதில்லை.
அவர்களுக்கு ஊர்கள் எல்லாம்
காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்கும்.
"வாங்கில இருப்பம்," என்றாள்.
எழுதினேன்: 4 – 6, வாங்கு, பிளேன்டீ.

"ஐ.டி. காட் எழுது. முதலாவதா எழுது."
இப்ப ஒருத்தரும் கேக்கிறதில்ல அக்கா.
"கேட்டா?"
கோட்டுக்கு மேலே,
கொழும்புக்கும் மேலே
எழுதினேன்.

மிருகக்காட்சிசாலை வெட்டுப்பட்டது.
மான் பார்க்கக் காசு கட்டுவதா,
எங்கட பஸ் நிலையத்தில
சோத்துப் பார்சல் கிளறுதே.
தாமரைக் கோபுரத்தில் ஏற எனக்கு ஆசை,
காது அடைக்கும் என்று அவளுக்குப் பயம்.
கீழே நின்று என் செருப்பைப் பார்த்துக்கொள்வாளாம்.
செருப்புக் கழற்றத் தேவையில்லை என்றேன்.
"அவ்வளவு உசரத்துக்கா? செருப்போடயா?"

நகரும் படியில்
எந்தக் காலை முதலில் வைப்பது என்று
போனில் மூன்று தரம் பார்த்தோம்.
நாலாம் தரம் சார்ஜ் முடிந்தது.

வரைபடத்தில் எல்லாமே ஒரு விரல் தூரம்.
இங்கே ஒரு விரல் என்றால்
மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து
கதைத்துக்கொண்டே நடந்துவிடலாம்.
அங்கே ஒரு விரலுக்குள்
எத்தனை சந்தி, எத்தனை சிவப்பு விளக்கு.
ஆட்டோக்காரர் கேட்பதில் பாதி சொல்லவேண்டும் என்று
ஓரத்தில் குறித்தேன்.
இதையேதான் விருந்தாளிகளுக்கும் சொல்லிவந்தேன்,
எங்கள் ஆட்டோக்காரரைப் பற்றி.
மன்னித்துக்கொள், முர்ஷித்.

பின்னேரம் காலிமுகத்திடல், இறால் வடை.
"கடலா?
அதுக்கு முன்னாலதானே
ஏழு வருசமா சட்டி கழுவுறன்."
அங்க சூரியன் கடலுக்குள்ள போகுமாம் அக்கா.

கை துடைத்தபடி இருந்தவள்
துடைப்பதை நிறுத்தினாள்.

இங்கே அது கடலுக்குள் இருந்து வரும்,
அவள் ரொட்டிக்கு மாக் குழைக்கும் நேரம்,
அவள் முதுகுப் பக்கமாக.
போவது எப்போதும்
காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால்.

"எத்தின மணிக்குப் போகும்?"
ஆறு மணிக்குள்ள.
"அப்ப நாலுக்கே போவம். இடம் பிடிக்கவேணும்."

இரண்டாம் நாள், பின்னேரம் மூன்று மணி.
அதற்கு நேரே நான் ஒன்றும் எழுதவில்லை.
விரலை வைத்து, என்ன இது என்றாள்.

தபால் கந்தோருக்குப் போய் வருவதற்குள்
எங்க போறாய் என்று ஆறு பேர் கேட்கும் ஊர் இது.
ஆறு பேருக்கும் என்னிடம் பதில் இருக்கும்.
முத்திரை வாங்க, என்பேன்,
முத்திரையே வாங்காத நாட்களிலும்.
அங்கே ஒரு மணித்தியாலம்
பதில் இல்லாமல் நடந்து பார்க்கவேண்டும்.
தனியாக, அக்கா. கோபிக்காதே.

அவள் கோபிக்கவில்லை.
வெளியே தகரத்தில் முதல் தூறல் விழுந்ததைக்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"மழை வந்தா?"

மூன்று மணிக்கு நேரே
குடை என்று மட்டும் எழுதினேன்.