முப்பத்திரண்டு அங்குலம்

சொல்லைப் பொருளாக்குவது என் வேலை.
கவிஞர்கள் சிரிக்க வேண்டாம்.
மாதக் கடைசியில் கையில் வருவது
வெள்ளவத்தை அறை வாடகைக்கும்
பஸ்ஸுக்கும் சரி.

யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் துறைமுகப் பாரந்தூக்கிகள்
கழுத்து நீட்டி நிற்கும்.
குவைத்திலிருந்து கப்பல் வருமுன்
அதன் பட்டியல் வந்துவிடும்,
நெளிந்த அடைப்புக்குள் சதுர அடைப்பு,
சதுரத்துக்குள் மறுபடி நெளிவு,
முக்காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் பெயர்
அந்தப் பக்கம் பெறுமதி.

என் நூலகம்
(புத்தகம் ஒன்றும் இல்லாத நூலகம்)
ஒவ்வோர் எழுத்தாய் விழுங்கும்.
அடைப்புத் திறந்தால் கதவைத் தள்ளி உள்ளே போகும்,
அடைப்பு மூடினால் வெளியே வந்து சாத்தும்.
எத்தனை ஆழம் போனாலும் வந்த வழி மறக்காது.
எண்ணை எண்ணாக எடுக்கும்
ஒன்றுமில்லை என்பதைக்கூட
ஒன்றாக எடுத்துவைக்கும்.
கடைசியில்,
தட்டையாய்க் கிடந்த எழுத்தெல்லாம்
கொள்கலனாய், அதற்குள் பொதியாய்
எழுந்து உட்காரும்.
பொதியே, உன் எடை என்ன?
நாற்பத்தொரு கிலோ.

வியாழன் இரவு ஒன்பதரைக்கு நின்றுவிட்டது.
வரி 2117. நிரல் 63.
காற்புள்ளியை எதிர்பார்த்தேன், வேறேதோ வந்தது.
இவ்வளவுதான் சொல்லும்.
கோபம் இல்லை, விளக்கம் இல்லை,
கப்பலும் இல்லை.
ஒரு வரி பிசகினால் அந்த ஒன்றை விட்டுவிட்டு
அடுத்ததற்குப் போகத் தெரியாத பிறவி.

ருஸைக் கோல் எடுத்தான்:
விடிய ஒருகொடவத்தையில
ஆக்கள் டோக்கனோட வந்து நிப்பாங்க,
பாத்து ஏதாவது செய்ங்க.

வரியைத் தேடிப் போனேன்.
பெறுநர் செலஸ்ரினா, முகத்துவாரம்.
போர்வை இரண்டு.
பிரஷர் குக்கர் ஒன்று, பாவித்தது.
பால்மா டின் ஆறு.
டீவி 32"

அங்கேதான்.
அங்குலத்துக்கு யாரோ இரண்டு சின்னக் கோடு
இழுத்திருக்கிறார்,
தச்சரும் தையற்காரரும் இழுக்கிற அதே கோடு.
என் நூலகத்துக்கு அது மேற்கோளின் முடிவு.
பேச்சு முடிந்ததென்று எண்ணி
மிச்சத்தைக் கேட்க மறுத்துவிட்டது.

பரிகாரம் சின்னது.
குறிக்கு முன்னால், பின்பக்கம் சாய்ந்த ஒரு கோடு.
வருவதைக் காவலாளியாய் எண்ணாதே
வெறும் எழுத்தாய்ப் போகவிடு என்று பொருள்.
இதைத் தமிழில் எப்படிச் சொல்றது என்று
முன்பொரு நாள் ருஸைக் கேட்டான்.
தப்பு என்றேன்.
பிழையா?
அதுவும்தான். தப்பிப் போவதும்தான்.
அவன் நம்பவில்லை.

கோப்பைத் திருப்பி அனுப்பு என்பது விதி.
பிறர் எழுதியதில் கைவைக்கக் கூடாது.
ஆனால் நாளை வெள்ளி, குவைத்தில் விடுமுறை.
ஞாயிறு அவர்கள் திறக்கையில்
எங்கள் கந்தோர் பூட்டியிருக்கும்.
திங்கள்வரை கப்பல் முழுவதும்
இரண்டு சின்னக் கோட்டில் தொங்கும்.

தப்புச் செய்தேன்.
மாற்றியது யார் என்ற கட்டத்தில்
சி. வினோதரஞ்சினி என்று முழுதாய் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
எதை எழுதுவதென்று தெரியாமல்
அங்குலம் என்று போட்டேன்.

மறுபடி ஓடவிட்டேன்.
2117 நகர்ந்தது. 2118.
பின்னேரத்துத் தேநீர் ஆடை கட்டியிருந்தது,
அப்படியே குடித்தேன்.
கொம்பனித்தெருவில் கடைசி ரயில்
போயிருக்கும்.

எழுந்து போகுமுன்
தேவையே இல்லாமல்
அந்த ஒன்றை மட்டும் கூப்பிட்டுக் கேட்டேன்
நீ என்ன என்று.

டீவி 32" கறுப்பு.
இடது மூலையில் சிறு கீறல் உண்டு.