சிவப்புப் பி

முதலாவது, ஒரு தபால் பெட்டி.
சிக்னெட் போகும் சாலையில்
நெரிடா டைரீன் வீட்டு வாசலில் நின்றிருந்தது.
பழைய பால் கேனை வெட்டிச் செய்தது, பச்சை நிறம்.
நான் உரிமம் வாங்கிப் பதினோரு நாள்.
பின்கண்ணாடியில் ஒட்டிய சிவப்புப் ‘பி’யின்
ஓரம்கூட இன்னும் சுருளவில்லை.
“பெட்டி வந்து இடிச்சிடுச்சு” என்றுதான்
முதலில் வாயில் வந்தது.
டைரீன் சிரிக்கவில்லை.
“நாங்க குடிவர்றதுக்கு முன்னாலேயே
அது அங்கேதான் நிக்குது.”
எழுவாயை மாற்றிச் சொல்ல
எனக்கு ஒரு வாரம் ஆனது.

இரண்டாவதில் ரொட்டி இருந்தது.
ஹுயான்வில் ரவுண்டானா. மழை.
முன்னால் நின்ற பேக்கரி வேன் கிளம்பியது,
நானும் கிளம்பினேன்,
வேன் மனம் மாறியது.
கண் இமைக்கும் நேரம் என்பார்கள்.
இல்லை. அது நீளமானது.
பிரேக் என்று நினைக்க முடிந்தது,
இந்த மாதச் சம்பளம் என்று நினைக்க முடிந்தது,
அம்மாவிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது
என்றுகூட.
நிற்க மட்டும் முடியவில்லை.
வேனின் பின்கதவு வாய்பிளக்க
என் பானெட்டில் நாலு தட்டு பன், சூடு ஆறாமல்.
டேமன் பர்ஜெஸ் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தவன்
நம்பர் பிளேட்டைப் படமெடுத்தான்,
பிறகு ஒரு பன்னை எடுத்து நீட்டினான்.
தின்றேன். வேறென்ன செய்ய.
கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது: எண்ணூறு டாலர்.
ஆப்பிள் கிடங்கில் ஸ்டிக்கர் ஒட்டும் எனக்கு
அது முப்பத்தாறு மணி நேரம்.
ஒவ்வொரு ஆப்பிளும் கொஞ்சம் பம்பர்.

மூன்றாவதைக் கேட்டால்
பேச்சை மாற்றுவேன்.

மே மாதம், அந்தி, ஃபிராங்க்ளின் தாண்டி.
மஞ்சள் பலகையில் ஒரு விலங்கு
எப்போதும் குதித்துக்கொண்டே இருக்கும்;
பார்த்துப் பார்த்து
அது விலங்கு இல்லை, பலகை என்றாகிவிட்டது.
தொண்ணூறில் போகலாம். தொண்ணூறில்தான் போனேன்.
போனைத் தொடவில்லை. பெல்ட் போட்டிருந்தேன்.
சட்டம் என் பக்கம் இருந்தது.
பேடிமெலன் சாலையில் இருந்தது.

முயலைவிடக் கொஞ்சம் பெரிய கங்காரு, அவ்வளவுதான்.
நனைந்த மூட்டையைக் கீழே போட்ட சத்தம்.
இறங்கிப் பார்த்தேன்,
காருக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதுதான் தாங்கவில்லை.
மன்னிப்புக் கேட்க வாசல் இல்லை,
கட்டித் தீர்க்கத் தொகை இல்லை.

செத்தது பெண் என்றால் பையைப் பார்க்க வேண்டும்.
இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும்,
யாருக்கும் செய்யப் பிடிக்காது.
போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
விரலை விட்டேன். வெதுவெதுப்பு.
வெதுவெதுப்புக்குள் ஓர் அசைவு.
உள்ளங்கை நீளம், ரோமம் இல்லை,
காது இரண்டும் தலையோடு ஒட்டி மடிந்திருந்தன.

ஐம்பது நிமிடத்தில் ஒருத்தி வந்தாள்,
பைஜாமாவின் மேல் மழைக்கோட்டு.
எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை.
எந்த இடம், எத்தனை மணி.
குட்டியைக் கம்பளித் தொப்பிக்குள் வைத்துச்
சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.
தாயைப் புல்லுக்கு இழுத்து
அதன் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி அடித்தாள்:
பார்த்தாயிற்று,
அடுத்து வருகிறவர் நிற்க வேண்டாம்.

பதினோரு நாள் இருந்தது என்று
பிறகு ஒரு குறுஞ்செய்தி.

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள்.
பட்டது நானில்லையே.

இப்போது பச்சைப் ‘பி’.
வெளிச்சம் சாய்ந்தால் அறுபதுக்கு மேல் போவதில்லை.
பின்னால் வரும் யூட்காரர்கள்
விளக்கை அடித்து அடித்துத் திட்டுகிறார்கள்.
ஓரம்கட்டி விடுகிறேன். போகட்டும்.
சில இரவு அந்த வளைவில்
கழுவிப்போன ரோஸ் நிறத்தைப் புல்லில் தேடுகிறேன்,
எதற்கென்று தெரியாமல்.

டைரீன் புதுப் பெட்டி வைத்துவிட்டாள்.
சாலையிலிருந்து
இரண்டடி உள்ளே தள்ளி.