அனாமத்து

முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:
உள்வருவதைப் பற்று வை,
வெளிச்செல்வதை வரவு வை.
வணிகவியல் முதலாண்டில் உருப்போட்டது.
அப்பாவுக்கு இது தலைகீழாகப் படும்.
வருவதுதானே வரவு என்பார்.

மஞ்சக்குப்பம் மாணவியர் விடுதியில் சோறு உண்டு.
சோறு மட்டும் உண்டு.
சோப்பு, நாப்கின், ஜெராக்ஸ், ரீசார்ஜ் எல்லாம்
அரசாங்கம் போடும் ஆயிரத்திலும்
வீட்டிலிருந்து மூன்று தவணையாய் வரும் அறுநூறிலும்.
மாதம் பிறந்ததும் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
குறுஞ்செய்தி அனுப்பிய கட்டணம்
பதினேழு ரூபாய் எழுபது பைசா பிடிக்கப்பட்டது.
இதைச் சொன்னதற்கு எவ்வளவு என்று
அடுத்த காலாண்டில் தெரியும்.

பெட்ரோல் மலிவென்று
பாண்டி எல்லைவரை வண்டியில் போய்வரும் எங்கள் வகுப்புப் பையன்கள்
போய்வந்த பெட்ரோலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
சிரித்தேன்.
அன்று மாலை திருப்பாப்புலியூரில்
கட்டணமில்லாப் பேருந்துக்கு நாற்பது நிமிடம் நின்றுவிட்டு
சேமிப்பு: ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய்
என்று எழுதினேன்.
நாற்பது நிமிடத்தை எந்தப் பக்கம் எழுதுவதென்று
புத்தகத்தில் இல்லை.

தேர்வுக் கட்டணத்துக்குச் சேர்த்தது
அடக்க விலைக் கணக்கியல், நூற்றாறாம் பக்கத்தில் இருந்தது.
எனக்குக் கட்டியது போக
நானூற்றைம்பது மிச்சம்.
கடைசி நாள் மதியம்
சுடர்க்கொடி கேட்டாள்.
கேட்கவில்லை, சரியாகச் சொன்னால்,
கட்டண வரிசையில் எனக்குப் பின்னால் நின்று
ஒரே ரசீதை நாலாய் எட்டாய் மடித்துக்கொண்டிருந்தாள்.
கொடுத்தேன்.
இருபதாம் தேதி என்றாள்.

இருபது வந்தது. அவள்
பின்பெஞ்சுக்குப் போயிருந்தாள்.
ஜெராக்ஸ் கடையில் என்னைக் கண்டதும்
அணைந்த போனை உற்றுப் பார்த்தாள்.
தேவனாம்பட்டினம் கடற்கரையில்
சித்தப்பாவின் சோளக்கடையில் மாலையில் நிற்பாள் என்று
விடுதியில் ரிஸ்வானா சொன்னாள்.
பிறகு புயல் என்றார்கள், மழை என்றார்கள்,
ஒன்பது நாள் கடற்கரைக்கு ஆளே இல்லை.
நானும் நோட்டில் அவள் பெயருக்கு நேரே
வாரா ஐயக்கடன் ஒதுக்கு
என்று எழுதினேன்.
பென்சிலால்தான்.

நவம்பர் முடிவில் ரொக்கத்தைச் சரிபார்த்தேன்.
ஏட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.
பேனாப்பெட்டியில் இருநூற்றைம்பத்திரண்டு.
மூன்று முறை எண்ணினேன்.
குறைந்திருந்தால் தூங்கியிருப்பேன்,
குறைவது பழக்கம்.
கூடுதலாய் இருந்தது
நான்கு பத்து ரூபாய் நாணயங்கள்.
ஊரில் எந்தக் கடைக்காரரும் கைநீட்டி வாங்காத காசு,
கண்டக்டர் உதட்டைப் பிதுக்கும் காசு.
என்னிடம் வர வழியே இல்லை.
ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டது.
முகர்ந்தேன்.
எலுமிச்சை. மிளகாய்த்தூள். கொஞ்சம் கரிப்புகை.

சுற்றுலா வந்தவர்கள் தள்ளிவிட்டுப் போனதைச்
சித்தப்பா இவள் கூலியில் தள்ளியிருப்பார்.
இவளுக்குத் தள்ள இடமில்லை.

அவள் பெயரில் நாற்பதை வரவு வைக்கலாம்.
மீதி நானூற்றுப் பத்து.
இந்த வேகத்தில் எத்தனை வாரம் என்று
மனம் தானாக வகுக்கத் தொடங்கும்.
நான் வகுப்பது என் முகத்தில் தெரியும்,
பின்பெஞ்சுக்கும் தெரியும்.

காரணம் தெரியாத வேறுபாட்டைக்
காரணம் தெரியும்வரை நிறுத்தி வைக்கும் கணக்கு
என்பார் எங்கள் பேராசிரியர்.
எழுதினேன்:
அனாமத்து, ரூபாய் நாற்பது.
தெரிந்தே எழுதிய முதல் பிழை.
இருப்பாய்வு சரியாக நின்றது.

இப்போது இடைவேளையில்
பேனாப்பெட்டியை மேசைமேல் திறந்தே விட்டுப் போகிறேன்.
தண்ணீர் குடித்து வர
முன்பைவிடச் சற்று அதிக நேரமாகிறது.